அப்பாவை அறைஞ்ச ஸ்டேஷன்லயே எஸ்.ஐ.யா போய் உக்காரணும்னு ஆசை, இது தப்பா மேடம்?

இந்த வாரம் வந்ததுல ஒரு கடிதத்த ரெண்டு மூணு தடவ படிச்சேன். எழுதுனவங்களுக்கு 23 வயசு, டெல்டா பக்கம் ஒரு சின்ன டவுன், பி.எஸ்சி முடிச்சிட்டு எஸ்.ஐ. தேர்வுக்கு கோச்சிங் போய்க்கிட்டிருக்காங்க. யாருன்னு தெரியாம இருக்க சில விவரங்கள மாத்தியிருக்கேன்.

அவங்க எட்டாவது படிக்கும்போது அப்பாவோட லோடு ஆட்டோவ வட்டிக்குக் குடுத்தவர் ஆள் வச்சு தூக்கிட்டுப் போயிருக்காரு. புகார் குடுக்க அப்பா ஸ்டேஷனுக்குப் போனப்ப இவங்களும் கூடப் போயிருக்காங்க. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் மரத்தடியில உக்கார வச்சுட்டு, கடைசில உள்ள கூப்பிட்டு, அங்க இருந்த எஸ்.ஐ. அப்பாவ பொண்ணு கண்ணு முன்னாலயே கன்னத்துல அறைஞ்சு ஒரு வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கி அனுப்பிட்டாரு. ஆட்டோ திரும்பி வரவே இல்ல. அன்னைக்கு முடிவு பண்ணதுதான் போலீஸ் ஆகறதுன்னு எழுதியிருக்காங்க. இப்ப என்ன பிரச்சினைன்னா, கோச்சிங் சென்டர்ல ஒருநாள் "ஏன் போலீஸ் ஆகணும்?"னு எல்லாரையும் கேட்டிருக்காங்க. ஒருத்தர் மாசச் சம்பளம்னாரு, ஒருத்தர் எங்கப்பா ஏட்டுன்னாரு, ஒருத்தர் மக்களுக்கு சேவைன்னு சொன்னதும் எல்லாரும் கைதட்டிருக்காங்க. இவங்க முறை வந்தப்ப வாயே வரல. "என் மனசுல இருக்கறது சேவை இல்ல மேடம், பழி. இப்படி ஒரு காரணத்தோட நான் யூனிஃபார்ம் போடலாமா, இல்ல விட்டுடணுமா?" அம்மா கல்யாணப் பேச்சு எடுத்துட்டாங்களாம், அப்பா வேணும்னும் சொல்லல வேணாம்னும் சொல்லலையாம். காலேஜ்ல படிக்கும்போது பஸ் நிக்கலன்னு மறியல் பண்ணதுல பேரு எழுதிட்டுப் போனாங்க, அத அப்ளிகேஷன்ல மறைச்சிடலாமான்னும் கேட்டிருக்காங்க.

சரிம்மா, உங்ககிட்டயே பேசறேன்.

முதல்ல அந்த கைதட்டல்லருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா உங்கள ரொம்ப குத்துனது அதுதான்னு தோணுது. சேவைன்னு சொன்னவர் உண்மையாத்தான் சொல்லியிருப்பாரு, அத நான் குறைச்சு சொல்லல. ஆனா போலீஸுக்கு வர்றவங்க சுத்தமான ஒரே ஒரு காரணத்தோட வர்றாங்கன்னு நீங்க நினைச்சிருந்தா அது சரியில்ல. நியூயார்க் போலீஸ்ல புதுசா சேந்தவங்ககிட்ட கேட்டு 2004ல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு, அதுல முன்னாடி நின்ன காரணங்கள் மத்தவங்களுக்கு உதவறது, வேலை நிரந்தரம், சலுகைகள் இந்த மூணும்தான், ஆம்பள பொம்பள, வெள்ளையர் கறுப்பர்னு பெரிய வித்தியாசம் இல்லாம. அதாவது ஒரே ஆளோட மனசுல சேவையும் இருக்கு சம்பளமும் இருக்கு. நம்ம ஊர்லயும் அப்படித்தான். இரண்டாம் நிலைக் காவலருக்கு பத்தாவது பாஸ் போதும், நேர்முகத் தேர்வு கிடையாது, அடிப்படைச் சம்பளமே 18,200ல ஆரம்பிக்குது. கூலி வேலைக்குப் போற வீட்டுப் பையன் விடியக்காலைல கிரவுண்டுல ஓடறான்னா அந்த வீட்டுல முதல் தடவையா மாசம் பொறந்தா பணம் வரும்ங்கற நம்பிக்கைல ஓடறான். அதுல என்ன கேவலம் இருக்கு? தெருவுல தலை குனிஞ்சு போன சாதியில பொறந்தவன் இனி என்னை எவனும் பேரச் சொல்லி வாடா போடான்னு கூப்பிட முடியாதுன்னு வர்றான். பொண்ணுங்க நிறைய பேரு, நான் வெளிய போனா எங்க போறேன்னு யாரும் கேக்கக்கூடாது, அதுக்காகவே இந்த வேலைன்னு எங்கிட்ட சொல்லியிருக்காங்க. ப்ரித்திகா யாஷினி திருநங்கைங்கறதால விண்ணப்பத்தையே ஏத்துக்கல, 2015ல சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயிச்சு 2017ல எஸ்.ஐ. ஆனாங்க. மரியாதைக்காக ஒரு வேலைய தேடறது மனுஷ குணம்.

உங்களுக்கு நடந்தது மாதிரி நடந்துட்டு, அதனாலயே போலீஸ் ஆகணும்னு நினைக்கறவங்க நீங்க நினைக்கறதவிட அதிகம். அதனால அசிங்கப்பட வேண்டியதில்ல. நான் உங்ககிட்ட கேக்க நினைக்கறது வேற.

அந்த மேஜைக்கு முன்னாடி யார் நிப்பாங்க?

உங்க மனசுல ஓடற படத்துல நீங்க எஸ்.ஐ. சேர்ல உக்காந்திருக்கீங்க, எதிர்ல அந்த எஸ்.ஐ. நிக்கறாரு. உங்க கடிதத்துலயே "அவர கூப்பிட்டு நிக்க வச்சு கேக்கணும்"னு எழுதியிருக்கீங்க. ஆனா நிஜத்துல அவர் அங்க வரமாட்டாரும்மா. இத்தனை வருஷத்துல டிரான்ஸ்ஃபர் ஆகி, ஒருவேள ரிட்டையரும் ஆகியிருப்பாரு. உங்க முன்னாடி வந்து நிக்கப்போறது வட்டிக்கு வாங்கி வண்டிய பறிகுடுத்தவர், புருஷன் அடிச்சதுன்னு முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழறவங்க, செல்போன் தொலைச்ச காலேஜ் பையன், குடிச்சிட்டு சண்டை போட்ட நாலு பேரு. ராத்திரி ரெண்டு மணி, மூணு நாளா பந்தோபஸ்து முடிச்சு கால் வீங்கியிருக்கும், மேல இருந்து இன்ஸ்பெக்டர் வாக்கி டாக்கில திட்டியிருப்பாரு, அப்ப அந்த குடிகாரன் உங்கள ஒரு கெட்ட வார்த்தை சொல்லுவான். எட்டாவதுல இருந்து சேத்து வச்ச கோபம் அன்னைக்கு யார் மேல போய் விழும்? இந்த ஒரு கேள்விக்காகத்தான் உங்களுக்கு பதில் எழுதவே உக்காந்தேன்.

கோபமா வர்றவங்க மட்டும்தான் அடிப்பாங்க, சேவை மனசோட வர்றவங்க அடிக்க மாட்டாங்கன்னு நினைக்காதீங்க. உங்க அப்பாவ அறைஞ்சவரும் ஒருகாலத்துல ஏதோ ஒரு கிரவுண்டுல ஓடி, மக்களுக்கு நல்லது பண்ணணும்னு வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்திருப்பாரு. நியூயார்க் போலீஸ்ல இருபது வருஷத்துக்கு மேல வேலை பாத்துட்டு சமூகவியல் படிச்ச ஒருத்தர் 1960கள்லயே இத ஆராய்ஞ்சு எழுதுனாரு, சேந்த முதல் சில வருஷத்துலயே யாரையும் நம்பாத கசப்பு வேகமா ஏறிடுதுன்னு. இந்தியாவுல 21 மாநிலங்கள்ல போலீஸ்காரங்ககிட்டயே கேட்டு காமன் காஸ்ங்கற தன்னார்வ அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். லோக்நிதிங்கற ஆய்வு அமைப்பும் 2019ல வெளியிட்ட அறிக்கைல சராசரியா ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலைன்னு வந்துச்சு, குற்றவாளிகிட்ட போலீஸ் வன்முறையா நடந்துக்கறது நியாயம்தான்னு நாலுல மூணு பேர் சொல்லியிருந்தாங்க. இந்த ரெண்டையும் சேத்துப் படிக்கணும். தூக்கம் இல்லாத, மேலதிகாரிகிட்ட திட்டு வாங்குற மனுஷன், அடிக்கறது தப்பே இல்லன்னு நம்பற கூட்டத்துக்கு நடுவுல இருக்கான். அவன் எந்தக் காரணத்தோட உள்ள வந்தாங்கறது அந்த இடத்துல ரொம்ப தூரம் காப்பாத்தாது.

ஆனா காப்பாத்துற ஒண்ணு உங்ககிட்ட இருக்குன்னு நினைக்கறேன், அது அந்த மரத்தடி. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஸ்டேஷன் வாசல்ல உக்காந்திருக்கறது எப்படி இருக்கும்னு உங்களுக்கு உடம்புல தெரியும், அது எந்த ட்ரெயினிங் காலேஜ்லயும் சொல்லித்தர முடியாது. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் அடிச்சதுல செத்தாங்க, நாடே பதறிச்சு. அன்னைக்கு ராத்திரி அந்த ஸ்டேஷன்ல டூட்டில இருந்த தலைமைக் காவலர் ரேவதி, விசாரிக்க வந்த மாஜிஸ்ட்ரேட்கிட்ட தான் பாத்தத பாத்தபடி சொன்னாங்க. கூட வேலை பாக்கறவங்களே வெளிய நின்னு மிரட்டற நிலைமையில சொன்னாங்க. அவங்க எதுக்காக போலீஸ்ல சேந்தாங்கன்னு நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்ல. அந்த ராத்திரி எந்தப் பக்கம் நின்னாங்கங்கறது தெரியும். உங்க கோபம் அந்தப் பக்கம் நிக்கற தைரியமா மாறுமா, இல்ல லத்தியில இறங்குமா, இத நீங்க இப்பவே உக்காந்து யோசிக்கணும், செலக்‌ஷன் ஆர்டர் வந்தப்புறம் நேரம் இருக்காது.

பழைய கணக்க எஸ்.ஐ. ஆகித் தீக்க முடியுமா?

முடியாது. நேரடியாவே சொல்லிடறேன். சொந்த விஷயத்துல அதிகாரத்த பயன்படுத்தினா அது துறை நடவடிக்கைக்கும் கிரிமினல் கேஸுக்கும் போகும், உங்க வேலையே போயிடும். சட்டப்படி வேற வழி இருக்கான்னு எங்க ஆலோசனை சென்டருக்கு வர்ற வக்கீல்கிட்ட கேட்டேன். மனித உரிமை ஆணையத்துக்கு சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும், கன்னத்துல அறையற மாதிரி சின்ன காயத்துக்கான கேஸுக்கும் கோர்ட் ஏத்துக்கற காலவரம்பு ஒரு வருஷம்தான். ரெண்டும் முடிஞ்சுபோச்சு. இத எழுதறப்ப எனக்கே கஷ்டமா இருக்கு, ஏன்னா அன்னைக்கு உங்க அப்பாவுக்கு இத சொல்ல யாரும் இல்ல. புகார வாங்க மாட்டேன்னா பதிவுத்தபால்ல எஸ்.பி.க்கு அனுப்பலாம், அதுக்கப்புறம் மாஜிஸ்ட்ரேட்கிட்ட போகலாம்னு சட்டம் அப்பவும் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. பிடியாணை இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு உச்ச நீதிமன்றம் 2013லயே லலிதா குமாரி வழக்குல சொல்லிடுச்சு. நாளைக்கு நீங்க எஸ்.ஐ. ஆனா, புகார் குடுத்தவருக்கு புகார வாங்கிட்டோம்ங்கற சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் குடுத்து எஃப்.ஐ.ஆர். காப்பிய இலவசமா கையில குடுத்து அனுப்பறது முழுக்க உங்க கையில இருக்கற விஷயம், அதுக்கு எந்த மேலதிகாரி அனுமதியும் வேண்டாம்.

எஸ்.ஐ. கிடைக்கலன்னா காவலரா போலாமான்னு கேட்டதுக்கு

போலாம், ஆனா என்ன வேலைன்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க. காவலரா சேந்த உடனே லோக்கல் ஸ்டேஷன்ல உக்கார மாட்டீங்க. பயிற்சி முடிச்சதும் பொண்ணுங்கள பெரும்பாலும் ஆயுதப்படைக்குத்தான் அனுப்புவாங்க, அங்க கவாத்து, பாரா, கைதி வழிக்காவல், திருவிழா, கட்சிக் கூட்டம்னு ஓடும், ஸ்டேஷனுக்கு மாறி வரவே சில வருஷம் ஆகும். கிரேட் ஒன், அதாவது முதல் நிலைக் காவலர் ஆக பத்து வருஷம். காவலரா சேந்து சீக்கிரம் எஸ்.ஐ. ஆயிடலாம்னு கோச்சிங்ல யாராவது சொல்லியிருந்தா, அது தானா வர்ற ப்ரமோஷன் இல்ல, நேரடி எஸ்.ஐ. தேர்வுல துறைக்காரங்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கு, சர்வீஸ்ல இருந்துக்கிட்டே அந்தப் பரீட்சைய எழுதி பாஸ் பண்ணணும். டூட்டி முடிச்சிட்டு வந்து படிக்கணும், நிறைய பேர் அத செஞ்சு காட்டியிருக்காங்க. வயசு விஷயத்துல பயப்படாதீங்க, எஸ்.ஐ.க்கு பொதுப்பிரிவுக்கே 30 வரைக்கும் இருக்கு, காவலருக்குத்தான் பொதுப்பிரிவுல 26, பி.சி., எம்.பி.சி.க்கு 28, எஸ்.சி., எஸ்.டி.க்கு 31. நோட்டிஃபிகேஷன் வந்ததும் ஒருதடவ சரிபாத்துக்குங்க.

அந்த மறியல் கேஸ்

மறைக்காதீங்க. தயவுசெஞ்சு மறைக்காதீங்க. போலீஸ் வெரிஃபிகேஷன்ல அது எப்படியும் வெளிய வரும், அப்ப கேஸவிட மறைச்சதுதான் பெரிய குத்தமா நிக்கும். தமிழ்நாட்டு விதி கொஞ்சம் கடுமையானது, கேஸ் நிலுவைல இருந்தா மட்டும் இல்ல, சந்தேகத்தின் பலனக் குடுத்து விடுதலை பண்ணியிருந்தாக்கூட கேஸ்ல சம்பந்தப்பட்டவராவே எடுத்துக்குவாங்க. அதனால முதல்ல உங்க பேர்ல உண்மையிலயே எஃப்.ஐ.ஆர். இருக்கான்னு பாருங்க. பேரு எழுதிட்டுப் போனாங்கங்கறதால மட்டும் கேஸ் ஆயிடாது. போலீஸ் வெப்சைட்லயும், கோர்ட் கேஸ் விவரம் இருக்கற ஈ-கோர்ட்ஸ் வெப்சைட்லயும் தேடலாம். இருந்துச்சுன்னா ஒரு வக்கீல வச்சு உயர் நீதிமன்றத்துல ரத்து பண்ண மனு போடறது பத்தி இப்பவே பேசுங்க, செலக்ட் ஆனப்புறம் ஓடாதீங்க. பஸ் நிக்கலன்னு நூறு புள்ளைங்களோட ரோட்டுல உக்காந்தது எனக்கு உங்க கடிதத்துல ரொம்பப் பிடிச்ச பகுதி, அத அவமானமா நினைக்காதீங்க.

அம்மா சொல்றதையும் அப்பா சொல்லாததையும்

அம்மாவோட பயத்த பழம்பஞ்சாங்கம்னு தள்ளிடாதீங்க. ராத்திரி டூட்டி, லீவு கேட்டா கிடைக்காதது, பந்தோபஸ்துக்கு நின்னா பாத்ரூம் போக வழியில்லாதது எல்லாம் நிஜம். கல்யாணமாகி வர்ற பெண் காவலர்கள் எங்கிட்ட அழறதுல பாதி இதுதான். ஆனா எல்லாம் அப்படியே நிக்கல. தமிழ்நாட்டுல 1973ல ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, இருபது காவலர்களோட ஆரம்பிச்சது பெண் போலீஸ், 1992ல ஆயிரம் விளக்குல முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்துச்சு, 2010ல லத்திகா சரண் டி.ஜி.பி.யே ஆனாங்க. 2021ல முதலமைச்சர் போற வழியில ரோட்டோரமா பெண் காவலர்கள நிறுத்தவேணாம்னு உத்தரவு வந்துச்சு, அதே வருஷம் காவலர்களுக்கு வார விடுமுறை உத்தரவும் வந்துச்சு, பேறுகால விடுப்பும் பன்னெண்டு மாசம் ஆச்சு. வார விடுமுறை எல்லா ஸ்டேஷன்லயும் ஒழுங்கா கிடைக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன், கிடைக்கலன்னு சொல்றவங்க எங்கிட்ட வர்றாங்க. அம்மாகிட்ட இந்த ரெண்டு பக்கத்தையும் வச்சுப் பேசுங்க. மாப்பிள்ளை வீட்டுலயும் தேர்வுக்கு படிக்கறத மறைக்காம முதல்லயே சொல்லிடுங்க, அதக் கேட்டு விலகறவங்க இப்பவே விலகட்டும்.

அப்பா விஷயம்தான் என்னை விடல. உங்க கடிதத்துல ஒரு வரி வருது, ரோட்டுல போலீஸ் ஜீப்பப் பாத்தா அப்பா இன்னும் சைக்கிள சந்துக்குள்ள திருப்பிடுவாருன்னு. நீங்க அவருக்காகத்தான் இவ்வளவும் செய்யறீங்க, ஆனா அன்னைக்கு நடந்தத பத்தி அப்பாவும் பொண்ணும் ஒரு தடவகூட வாய்விட்டுப் பேசுனதா உங்க கடிதத்துல இல்ல. அவர் பேசாததுக்கு நிறைய காரணம் இருக்கலாம். பொண்ணு முன்னால அடி வாங்குன வெக்கமா இருக்கலாம், உங்களுக்கும் அப்படி ஏதாவது ஆயிடுமோங்கற பயமா இருக்கலாம், தன்ன அடிச்ச அதே உடுப்ப தன் புள்ள போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள வர்றத அவரால இன்னும் நினைச்சுப் பாக்க முடியாம இருக்கலாம். அவர்கிட்ட அனுமதி கேக்கறதுக்கு முன்னாடி அந்த நாளப் பத்திக் கேளுங்க. "அன்னைக்கு ஸ்டேஷன்ல உனக்கு என்னப்பா தோணுச்சு?"னு கேட்டுட்டு நீங்க சும்மா இருங்க. அவர் ஒரு வாரம் கழிச்சுப் பேசினாலும் பரவால்ல. அவருக்கு வேண்டியது அந்த எஸ்.ஐ. தண்டனை அனுபவிக்கறதா, இல்ல வேற ஏதாவதான்னு உங்களுக்கு இதுவரைக்கும் தெரியாது, நீங்களா முடிவு பண்ணி வச்சிருக்கீங்க.

தூக்கத்துல அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருதுன்னும், காக்கிய பாத்தா கை நடுங்குதுன்னும் எழுதியிருக்கீங்க. இத சாதாரணமா விடாதீங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைல மனநலப் பிரிவு இருக்கு, காசு ஆகாது, ஒருதடவ போய் பேசிட்டு வாங்க. கவுன்சிலிங் போனா செலக்‌ஷன்ல பாதிக்குமோன்னு பயப்படறீங்க. தமிழ்நாடு போலீஸே பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையோட சேந்து காவலர்களுக்கு மனநலப் பயிற்சி நடத்துன துறை. கை நடுக்கத்தோட ட்ரெயினிங் போய் அங்க தவிக்கறதவிட இப்பவே பாத்துக்கறது எவ்வளவோ நல்லது.

கடைசியா, எஸ்.ஐ. தேர்வுல நேர்முகம் இருக்கறதால "ஏன் போலீஸ்?"னு உங்கள திரும்பவும் கேப்பாங்க. அதுக்கு சேவைன்னு மனப்பாடம் பண்ணிட்டுப் போகாதீங்க, எதிர்ல உக்காந்திருக்கறவங்க அத தினமும் கேக்கறவங்க. அப்பாவ அடிச்ச கதைய முழுசா கொட்டவும் வேண்டாம், அது அவங்களுக்கு வேற மாதிரி கேக்கலாம். "சின்ன வயசுல ஒரு புகாரோட அப்பாகூட ஸ்டேஷன் வாசல்ல ஒருநாள் முழுக்க காத்திருந்தேன், அந்தப் புகார் பதிவாகல, நான் இருக்கற ஸ்டேஷன்ல வர்ற புகார் அன்னைக்கே பதிவாகணும்னு நினைக்கறேன்" இவ்வளவு சொன்னாப் போதும். இத கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாருங்க. சொல்லும்போது குரல் உடையாம, பல்லும் கடிக்காம வருதான்னு கவனிங்க. வந்துச்சுன்னா தாராளமா அப்ளிகேஷன் போடுங்க. வரலைன்னா இந்தத் தடவ விட்டுட்டு அடுத்த நோட்டிஃபிகேஷனுக்குப் போனாலும் வயசு இருக்கு, அந்த இடைவெளியில கவுன்சிலிங்கும் கிரவுண்டும் ரெண்டும் நடக்கட்டும். அப்பா பேசினாருன்னா எனக்கு எழுதுங்க.